எத்தினை அடி நிக்குது?

ஐப்பசி பிறந்தா தை முடியுமட்டும் எங்கட வீட்டில விடிய ரீ குடிக்கேக்க அப்பா கேக்கிற முதல் கேள்வி ஒண்டு தான். "எத்தினை அடி நிக்குதாம்?"

எது எண்டு சொல்லமாட்டார், நாங்களும் கேக்கமாட்டம். கிளிநொச்சியில அப்பிடிக் கேட்டா அது இரணைமடுக் குளம் தான். குளத்தின்ட துருசடியில, அதுதான் தண்ணி திறந்துவிடுற மடையடியில, அடிக்கணக்கு எழுதியிருக்கு, அதைப் பாத்திட்டு ஆரோ ஒருத்தர் ஆருக்கோ சொல்ல, அவர் சந்தியில சொல்ல, இப்ப வட்ஸ்அப்பில போட, பத்து மணிக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். 24 எண்டா ஒரு முகம், 30 எண்டா வேறை முகம், 36 எண்டா குளம் நிரம்பி வான் பாயப்போகுது எண்டு பெடியள் மோட்டச்சைக்கிளோட வெளிக்கிட்டிடுவாங்கள். எங்களுக்கு மூண்டு ஏக்கர் வயல், வாய்க்கால்ட கடைசியில. தலைப்பில இருக்கிறவைக்கு 20 அடியும் ஒண்டு தான் 30 அடியும் ஒண்டு தான், துருசு திறந்தாச் சரி, தண்ணி வந்திடும். கடைசியில இருக்கிற ஆக்களுக்குத்தான் ஒவ்வொரு அடியும் நெல்லுக் கணக்கு.

இதை ஏன் இப்ப எழுதிறன் எண்டா, போன வருசம் ஆடி மாசம் தங்கச்சியின்ட மகளுக்குச் சாமத்தியவீடு எண்டு கனடாவுக்குப் போட்டு வந்தனான். கனடா எண்டோன்ன எல்லாரும் ரொறன்ரோ எண்டு நினைப்பினம், இல்லை, இவையள் இருக்கிறது சஸ்கச்சுவான் மாகாணத்தில ரெஜைனா எண்ட இடம். தமிழாக்கள் குறைவு. மண்டபத்துக்கு ஆக்களைச் சேக்கிறதுக்கு மச்சான் பட்ட பாடு தனிக்கதை, அதை விடுவம். விமான நிலையத்தில இருந்து வெளிய வந்தா, மலை இல்லை, மேடு இல்லை, கண்ணுக்கு எட்டின தூரமெல்லாம் வெளி. எனக்கு உடன பரந்தன் வெளி தான் ஞாபகம் வந்தது, பரந்தனை ஒரு ஆயிரம் தரம் பெருக்கி விட்ட மாதிரி. பனை மட்டும் தான் இல்லை. அந்த மாசத்தில எண்ணெய்க்குப் போடுற கனோலாப் பயிர் பூக்கும், மஞ்சள் எண்டா அப்பிடி ஒரு மஞ்சள், கண் கூசும்.

இரண்டாம் நாள் பின்னேரம் மச்சான் என்னை நகரத்துக்கு நடுவில இருக்கிற வஸ்கானா லேக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவர். கரையில பெரிய சட்டசபைக் கட்டிடம், வாத்து, நடைபாதை, பிள்ளையளைத் தள்ளுவண்டியில வைச்சுத் தள்ளிக்கொண்டு போற தாய்மார். "இது லேக்" எண்டார். நான் சுத்திப் பாத்தன், ஒரு பக்கத்தில தண்ணியை மறிச்சிருக்கு. "மச்சான், கட்டு இருந்தா அது லேக் இல்லை, குளம்" எண்டன். அவர் சிரிச்சார். பிறகு பாத்தா நான் சொன்னது சரி தான், 1883ல ஒரு சின்ன ஓடையை மறிச்சுத் தான் அந்த வஸ்கானாவை உண்டாக்கியிருக்கினம், இயற்கையா அங்க ஏரி எண்டு ஒண்டுமே இருக்கேல்ல. பிறகு 1930களில ஊரெல்லாம் வேலை இல்லாமல் சனம் பட்டினி கிடக்கேக்க, நிவாரண வேலை எண்டு ஆக்களைப் பிடிச்சு விட்டு சவளாலயும் வண்டிலாலயும் அதைத் தோண்டி ஆழமாக்கி, தோண்டின மண்ணைக் குவிச்சு நடுவில தீவும் செய்திருக்கினம். அதைக் கேட்டோன்ன எனக்கு 2010ல நாங்கள் மீள்குடியேறி வந்தது தான் நினைவு வந்தது. எங்களையும் வாய்க்கால் துப்பரவாக்க விட்டு நாள்ச்சம்பளம் தந்தவை தானே. மண்வெட்டி கூட அவையே தந்தது. அந்த மண்வெட்டி இப்பவும் வீட்டில கிடக்கு, பிடி தான் மாத்தினது.

சரி, பழக்கதோசத்தில கேட்டுப்போட்டன். "மச்சான், இது இப்ப எத்தினை அடி நிக்குது?"

அவருக்குத் தெரியேல்ல. பதினெட்டு வருசம் அந்த ஊரில இருக்கிறார். சரி, அது வடிவுக்கு வைச்சிருக்கிற குளம், விடுவம். "வீட்டுக் குழாயில வாற தண்ணி எங்கயிருந்து வருது?" அதுவும் தெரியேல்ல. "சிற்றியால வருது" எண்டார். பின்சீற்றில இருந்த மருமகள் தான் போனில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னது, "பஃபலோ பவுண்ட் லேக் மாமா, ஸ்கூலில படிச்சனாங்கள்" எண்டு. பதின்மூண்டு வயசு. அந்தப் பிள்ளை சொன்னது சரி, ரெஜைனாவுக்கும் பக்கத்து மூஸ் ஜோ நகரத்துக்கும் குடிதண்ணி அங்க இருந்து தான். அந்த பஃபலோ பவுண்டுக்குத் தண்ணி வாறது இன்னும் மேல, டீஃபன்பேக்கர் எண்ட பெரிய நீர்த்தேக்கத்தில இருந்து, கப்பெல் எண்ட ஆத்துக்குள்ளால திறந்துவிடுறது. எனக்கு உடன ஆசை வந்திட்டுது, அதைப் பாக்கோணும். நயாகரா பாக்கக் கேக்காமல் அணைக்கட்டு பாக்கக் கேட்ட முதல் விருந்தாளி நான் தானாம், தங்கச்சி இப்பவும் சொல்லிச் சிரிக்கிறவள்.

ஒரு சனிக்கிழமை விடிய இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம். இரண்டரை மணித்தியாலம் கார் ஓட்டம். வழியெல்லாம் நான் பாத்தது சின்னச் சின்னக் குட்டை, வயலுக்கு நடுவில, றோட்டோரத்தில, எங்க பாத்தாலும். அங்கத்தை ஆக்கள் ஸ்லூ எண்டு சொல்லுவினம். ஒரு காலத்தில அந்த நிலம் முழுக்க பனிப்பாறை மூடிக் கிடந்து, உருகிப் போகேக்க விட்டுட்டுப் போன பள்ளங்களாம், பனி உருகிற தண்ணி அதுக்குள்ள தங்கும், வாத்துகள் வந்து குஞ்சு பொரிக்கும். ஆரும் வெட்டேல்ல, ஆரும் கட்டு போடேல்ல, சும்மா கிடைச்ச குளம். எங்கட ஆக்கள் ஒவ்வொரு மோட்டைக்கும் மண் சுமந்து கட்டு போட்டவை எண்டதை நினைக்க எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தான்.

போற வழியில மச்சானோட வேலை செய்யிற ஒருத்தரின்ட தகப்பன் இருக்கிற கமத்தில நிண்டனாங்கள். வயசாளி, எழுபதுக்கு மேல, அப்பாவின்ட வயசு இருக்கும், கையும் அப்பாவின்ட கை மாதிரியே தான், நகத்துக்குள்ள மண். எத்தினை ஏக்கர் எண்டு கேட்டன், நாலாயிரம் எண்டார். எனக்கு எத்தினை எண்டு அவர் கேட்டார், மூண்டு எண்டன். மூவாயிரம் எண்டு நினைச்சிட்டு "நல்ல அளவு" எண்டு தலையாட்டினார். நான் திருத்தேல்ல.

அந்த நாலாயிரம் ஏக்கருக்கும் வாய்க்கால் இல்லை, துருசு இல்லை, முழுக்க வானம் பாத்த கமம். மாட்டுக்கும் வீட்டுக்கும் எண்டு நீட்டுச்சதுரமா ஒரு குழி வெட்டி வைச்சிருக்கிறார், டகவுட் எண்டு பேர், பனி உருகி அதுக்குள்ள வடிஞ்சு நிக்கும். 1930களில அங்க பத்து வருசத்துக்குக் கிட்ட மழை பொய்ச்சு, காத்துக்கு மேல்மண் முழுக்கப் பறந்து, பகலில விளக்குக் கொளுத்தி இருந்தவையாம். சனம் வீடு வாசலை விட்டுட்டுப் போட்டுதுகள். 1857ல இருந்து 1860 மட்டும் அந்தப் பக்கம் ஆராய வந்த பலிசர் எண்ட ஆள், இந்த முக்கோணத் துண்டு வரண்ட நிலம், கமத்துக்குச் சரிவராது எண்டு முதலே எழுதி வைச்சவர், ஆரும் கேக்கேல்ல. பிறகு 1935ல தான் அரசாங்கம் புல்வெளிக் கமங்களை மீட்கிறதுக்கெண்டு தனியா ஒரு நிறுவனம் துவங்கி, உந்த டகவுட் வெட்டக் காசு குடுத்து, சின்னச் சின்ன அணை கட்டி, மரம் நட்டு, கடைசியில பெரிய அணையும் கட்டினது.

என்ன விதைச்சிருக்கிறியள் எண்டு கேட்டன். ஒரு பக்கம் கோதுமை, மற்றப் பக்கம் முழங்காலளவு உயரத்தில ஒரு மெல்லிய செடி. ஒரு காயைப் பிச்சு என்ட உள்ளங்கையில உரிச்சுக் காட்டினார். பிஞ்சு, இன்னும் பச்சை. தட்டையா, ரெண்டே ரெண்டு விதை. எனக்கு விளங்க ஒரு நிமிசம் பிடிச்சது. மைசூர்ப்பருப்பு! நாங்கள் கிளிநொச்சிச் சந்தையில வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிற பருப்பு, இலங்கைக்கு அது கனடாவில இருந்தும் கனக்க வாறது, அதிலயும் சஸ்கச்சுவானில தான் கூட விளையிறது. நாப்பத்தைஞ்சு வருசமா சோத்தோட சாப்பிட்ட சாமான்ட செடியை அண்டைக்குத் தான் முதல் கண்டனான். அந்த மனுசன் மானாவாரியா விதைச்சு, வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டு, மழை பெய்தா எங்கட வீட்டில பருப்புக்கறி. வெளிக்கிடேக்க அவர் கிழக்கால பாத்து ஏதோ சொன்னவர், மச்சான் விளங்கப்படுத்தினார், "புதன்கிழமை மழை எண்டு சொன்னவங்கள், வராது போல கிடக்கு" எண்டு. அதே குரல். அப்பா சொல்லுற அதே குரல்.

அணைக்கட்டுக்கு வாறன்.

கார்டினர் அணை எண்டு பேர், டீஃபன்பேக்கர் நீர்த்தேக்கத்தை மறிச்சு நிக்கிறது இது தான். சவுத் சஸ்கச்சுவான் ஆத்துக்குக் குறுக்கால 1959ல தொடங்கி 1967ல முடிச்சது. நான் சீமெந்தில பெரிய சுவர் மாதிரி ஒண்டு நிக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு போனன், மேட்டூர், விக்ரோரியா எண்டு படத்தில பாக்கிற மாதிரி. காரை நிப்பாட்டினால், மண்! இரணைமடு மாதிரியே மண்கட்டு, தண்ணிப் பக்கம் கல்லு அடுக்கியிருக்கு, மற்றப் பக்கம் புல்லு, கட்டுக்கு மேலால றோட்டு. 64 மீற்றர் உயரம், 5 கிலோமீற்றர் நீளம். மண்ணால கட்டின அணையளில உலகத்திலயே பெரிசுகளில ஒண்டாம். இரணைமடுக் கட்டு இரண்டு கிலோமீற்றர் கிட்ட வரும், அதில ஒருக்கா போய்வந்தாலே எங்களுக்குக் களைப்பு. அடியில இருக்கிற களிக்கல்லு பாரம் ஏற வழுக்குதாம், அதுக்காகச் சரிவை எவ்வளவோ தூரத்துக்கு நீட்டி விட்டிருக்கினம், மேல நிண்டு பாத்தா கட்டு எங்க முடியுது வயல் எங்க தொடங்குது எண்டே தெரியாது.

நான் காலணியைக் கழட்டிப்போட்டு அந்தப் புல்லில கொஞ்சம் நடந்தனான். ஏன் எண்டு கேக்கவேண்டாம். கட்டில செருப்போட ஏறக்கூடாது எண்டு அம்மம்மா சொல்லித்தந்தது.

தண்ணிப் பக்கம் பாத்தா கடல். அக்கரை தெரியும், ஆனா நீட்டுக்கு முடிவே இல்லை, 225 கிலோமீற்றர் நீளமாம். கிளிநொச்சியில இருந்து புத்தளம் தாண்டிப் போற தூரத்துக்கு ஒரு குளம். போனில கணக்குப் பாத்தன், இரணைமடு நிரம்பினா சுமார் 148 மில்லியன் கனமீற்றர், இது கிட்டத்தட்ட 9,400 மில்லியன். அறுபதுக்கு மேல இரணைமடு! எங்கட கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் காட்டுக்குள்ள தொடங்கி மழைத்தண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து இரணைமடுவை நிரப்பிப்போட்டு மிச்சத்தைச் சுண்டிக்குளத்தில கொட்டும், எல்லாம் மாரி மழையின்ட புண்ணியம். அவையின்ட ஆறு மேற்கில ரொக்கி மலையில உருகிற பனியில இருந்து வருது, ஆனி மாசத்தில தான் பெருக்கு. மாரியில நிரம்பி கோடையில வத்தினா அது எங்கட குளம், கோடை தொடங்க நிரம்பி மாரி முடியக் குறைஞ்சா அது அவையின்ட குளம். தலைகீழ்.

கட்டுக்குக் கீழ ஆத்தில கூழைக்கடா நிண்டு மீன் பிடிக்குது, வெள்ளைவெளேரெண்டு. இரணைமடுவிலயும் நிக்கும், ஆனா எங்கட கொஞ்சம் சாம்பல். துருசடியைத் தேடினன், பிள்ளையாரைத் தேடினன், மருதமரத்தைத் தேடினன். குளிக்கிற ஆள் இல்லை, தூண்டில் போட்டு ஜப்பான் மீன் (திலாப்பியா) பிடிக்கிற பெடியள் இல்லை, மாடு தண்ணிக்கு இறங்கிற துறை இல்லை. ஒரு சனி காலமை, இவ்வளவு தண்ணி, கட்டில எங்கட குடும்பமும் மோட்டச்சைக்கிளில வந்த ரெண்டு வெள்ளைக்காரரும் தான்.

பிள்ளையார் இல்லை எண்டன் தானே, அது முழுக்கச் சரியில்லை. திரும்பி வரேக்க எல்போ எண்ட ஊரில சாப்பாட்டுக்கு நிண்டனாங்கள், எல்போ எண்டா முழங்கை, ஆறு அந்த இடத்தில முழங்கை மாதிரி மடங்கிறதால அந்தப் பேர். கரையில ஒரு கல்லுக் குவியல், நினைவிடம் மாதிரி. மருமகள் பலகையை வாசிச்சு எனக்குச் சொன்னது. அந்த ஆத்துப் பள்ளத்தாக்கில ஒரு காலத்தில பென்னாம்பெரிய கல்லு ஒண்டு இருந்ததாம், 400 தொன், எருமை படுத்திருக்கிற மாதிரி. மிஸ்தசீனி எண்டு பேர், கிரீ எண்ட பூர்வகுடிச் சனத்துக்கு அது வெறும் கல்லில்லை, கும்பிடுற இடம். அணை கட்டினா கல்லு தண்ணிக்குள்ள போயிடும் எண்டு தெரிஞ்சு சனம் அதைக் காப்பாத்தக் கேட்டுது, காசு சேத்தது, தூக்கி வேறை இடத்தில வைக்கலாமோ எண்டு பாத்தது. 400 தொன். தூக்க ஏலேல்ல. 1966 மார்கழியில வெடி வைச்சு உடைச்சுப்போட்டாங்கள். உடைஞ்ச துண்டில கொஞ்சம் தான் அந்தக் கரையில கிடக்கிறது, மிச்சம் பெரும்பாலும் தண்ணிக்கு அடியில.

நான் அந்தக் கல்லில கை வைச்சுப் பாத்தனான். வெயிலுக்குச் சுட்டது. இதைப்பற்றி எனக்கு மேல சொல்லத் தெரியேல்ல. எங்கட பக்கம் குளம் திருத்தேக்க கட்டில நிண்ட பிள்ளையாரைப் பாலாலயம் செய்து தள்ளி வைச்சு, வேலை முடிய திருப்பிக் கொண்டுவந்து வைப்பினம். கல்லு சின்னன் எண்டதால தான் எங்களால ஏலுது எண்டு அதுவரைக்கும் நான் நினைச்சுப் பாக்கேல்ல.

பேர் விசயத்துக்கு வாறன். டீஃபன்பேக்கர் கனடாப் பிரதமரா இருந்தவர், கார்டினர் விவசாய மந்திரியா இருந்தவர். பெரிய ஆக்களின்ட பேரைத் தண்ணிக்கு வைக்கிறது எல்லா இடமும் நடக்கிறது தான். வன்னியில என்ன வைச்சிருக்கிறம் எண்டு பாருங்கோ. இரணைமடு எண்டா ரெண்டு மடு, ஆழமான ரெண்டு பள்ளம் சேந்த இடம். அக்கராயன்குளம், வன்னேரிக்குளம், ஆனைவிழுந்தான், கனகாம்பிகைக்குளம் எண்டு ஊர் எது குளம் எது எண்டு பிரிக்கவே ஏலாது. எனக்குப் பிடிச்சது முறிப்பு எண்டு முடியிற பேருகள். புதுமுறிப்பு, தண்ணிமுறிப்பு, மூண்டுமுறிப்பு. முறிப்பு எண்டா குளக்கட்டு உடைஞ்ச இடம். கட்டினவன்ட பேரை ஆரும் ஞாபகம் வைச்சிருக்கேல்ல, உடைஞ்சதை மட்டும் ஊர்ப்பேரா வைச்சு நூறு நூறு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறம். கடிதத்தில விலாசம் எழுதிற நேரமெல்லாம் "இஞ்ச ஒருக்கா கட்டு உடைஞ்சது, கவனம்" எண்டு எழுதிற மாதிரி.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2018 மார்கழி வெள்ளம் எங்கட வீட்டுக்கும் வந்தது. குளம் திருத்தி, கட்டு உயர்த்தி, 36 அடி பிடிக்கும் எண்டு எல்லாரும் சந்தோசமா இருந்த வருசம். மழை ரெண்டு நாள் விடாமல் ஊத்தினது, 36ஐத் தாண்டிப் போட்டுது எண்டு இரவு போன் வருது, வான்கதவு எல்லாத்தையும் திறந்தாச்சு எண்டு இன்னொரு போன். அப்பா படுக்கேல்ல, முத்தத்தில கதிரையைப் போட்டு ரோச் அடிச்சு அடிச்சுப் படலையடியைப் பாத்துக்கொண்டிருந்தவர். விடியப்புறம் தண்ணி சத்தமே இல்லாமல் வந்தது, முதல் கிணத்தடி, பிறகு மாட்டுக்கொட்டில், பிறகு குசினி. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள இடுப்பளவு. கதவு ஏன் முதலே கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கேல்ல எண்டு பிறகு கன நாள் கதைச்சவை, எனக்கு அதில ஒரு கருத்து இருக்கு, ஆனா அண்டைக்கு கதவடியில நிண்டு மழைக்குள்ள முடிவெடுக்க வேண்டியிருந்த ஆள் நானில்லை. முழங்கால் உயரத்தில நிண்ட நெல்லு மூண்டு நாள் தண்ணிக்குள்ள நிண்டு அழுகினது. 36 அடி எண்டா சிரிக்கிற அப்பா அந்த வருசத்துக்குப் பிறகு 34க்கு மேல போனா சிரிக்கிறேல்ல.

தண்ணி குறைஞ்சா வேறை சண்டை. சித்திரை மட்டில, கோடையில விதைக்கிற சிறுபோகத்துக்குக் கூட்டம் நடக்கும், அரசாங்க அதிபர் வருவார், நீர்ப்பாசனக்காரர் குளத்தில இவ்வளவு நிக்குது எண்டு சொல்லுவினம், அதுக்கு ஏத்த மாதிரி இத்தினை ஏக்கர் செய்யலாம் எண்டு தீர்மானிச்சு ஆளுக்கு இவ்வளவு எண்டு பங்கு பிரிப்பினம். மூண்டு ஏக்கர் வைச்சிருக்கிற எங்களுக்குச் சில வருசம் ஒரு ஏக்கர் தான் வரும், அதுவும் இந்த வயல்துண்டில தான் செய்யோணும் எண்டு வேறை ஆளின்ட காணியில வரும், எங்கட காணியில இன்னொருத்தர் செய்வார். வெளியாக்களுக்குச் சொன்னா நம்பமாட்டினம், சொந்தக் காணி தரிசாக் கிடக்க இன்னொருத்தன்ட காணியில விதைக்கிறதோ எண்டு. தண்ணி கடைசி மட்டும் ஓடி நிலத்துக்குள்ள வீணாகாமல் கிட்டக் கிட்ட இருக்கிற வயலுக்கு மட்டும் பாயட்டும் எண்டது தான் கணக்கு. கூட்டத்தில தலைப்புக்காரரும் கடைசிக்காரரும் கையைக் காலைத் தூக்கிக் கத்துவினம், முடிய ஒரே ரீக்கடையில இருப்பினம்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணி குடுக்கிறது எண்ட கதை வந்து எத்தினை வருசமாச்சு. எங்கட வீட்டில அது சமையலறை வரைக்கும் வந்த பிரச்சினை, ஏனெண்டா அம்மா யாழ்ப்பாணம். அங்க ஆறு எண்டு பெரிசா ஒண்டுமில்லை, சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில இருக்கிற தண்ணியை நம்பின கிணறு தான், அதுவும் உப்பாகிக்கொண்டு வருது. அம்மா "குடிக்கத் தானே கேக்கினம்" எண்டுவா, அப்பா "முதல் என்ட வயலுக்கு வரட்டும்" எண்டுவார், ரெண்டு பேரும் சரி. பிறகு தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற திட்டம் வந்தோன்ன வீட்டில கொஞ்சம் அமைதி.

அங்கயும் இதே சண்டை தான், பெரிய அளவில. அந்த ஆறு அல்பேட்டா மாகாணத்தில இருந்து சஸ்கச்சுவானுக்கு வந்து மனிற்றோபாவுக்குப் போகுது. தலைப்பில இருக்கிற அல்பேட்டா எல்லாத்தையும் மறிச்சா மற்ற ரெண்டும் என்ன செய்யிறது? 1969ல உக்காந்து எழுதி கையெழுத்துப் போட்டிருக்கினம், கிழக்கால ஓடுற ஆறுகளில இயற்கையா வாற தண்ணியில பாதியை அல்பேட்டா கீழ விடோணும், சஸ்கச்சுவான் தனக்கு வாறதில பாதியை மனிற்றோபாவுக்கு விடோணும். அவ்வளவு தான். வாய்க்கால் கடைசிக்காரனுக்கு அதை வாசிக்கக் கண்ணில தண்ணி வந்திட்டுது எண்டா நீங்கள் சிரிப்பியள்.

ஆனா ஒண்டு, எனக்கு விளங்காதது. அவ்வளவு பெரிய குளத்தைக் கட்டி, ஐஞ்சு இலட்சம் ஏக்கர் பாயும் எண்டு சொல்லி, அரை நூற்றாண்டு போயும் அதில ஒரு சின்னப் பங்குக்குத் தான் பாசனம். 2020ல திரும்பவும் ஐஞ்சு இலட்சம் ஏக்கர், 4 பில்லியன் டொலர் எண்டு அறிவிச்சிருக்கினம். தண்ணி நிக்குது, வயலும் நிக்குது, நடுவில வாய்க்கால் இல்லை. அப்பாவுக்கு இதைச் சொன்னா நித்திரை கொள்ளமாட்டார் எண்டு சொல்லேல்ல. பிறகு சொன்னனான். நித்திரை கொள்ளேல்ல.

வந்த பிறகு மார்கழியில மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். அந்த அணைக்கட்டுக் குளம் உறைஞ்சு கிடக்கு, அதுக்கு மேல பிக்கப் வாகனம் ஓட்டிக்கொண்டு போய், சின்னப் பெட்டிவீடு ஒண்டை இழுத்து வைச்சு, ஐசில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாங்கள். அப்பா கண்ணாடியைப் போட்டு, போனைக் கிட்டப் பிடிச்சு, மூண்டு தரம் பாத்தார். "அப்ப ஆவியாப் போகாதென்ன?" எண்டார். எல்லாரும் லொறி ஓடுறதைப் பாக்க, மனுசனுக்கு அது தான் கண்ணில பட்டது.

அடுத்த ஞாயிறு மச்சான் கோல் எடுக்கேக்க அப்பா போனை வாங்கிக் கேட்டுப்போட்டார். "தம்பி, உங்கட குளம் எத்தினை அடி நிக்குது?" மச்சான் முழுசினார். பொறுங்கோ மாமா எண்டு தேடிப் பாத்து, நிரம்பின மட்டம் 556.87 மீற்றர் எண்டு போட்டிருக்கு, இப்ப அதுக்குக் கொஞ்சம் கீழ எண்டார். அப்பா மீற்றரை அடியாக்கச் சொல்லி என்னைக் கேட்டார். தட்டிப் பாத்தன், 1,827.

அப்பா போனைக் கீழ வைச்சிட்டார். "ஆயிரத்து எண்ணூற்றி இருபத்தேழு அடியோ?" அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. அது கடல்மட்டத்தில இருந்து கணக்கு அப்பா, குளத்தின்ட ஆழம் இல்லை, ஆழம் எண்டா 200 அடிக்குக் கொஞ்சம் மேல தான் எண்டு நான் விளங்கப்படுத்த கால் மணித்தியாலம் போனது. விளங்கினோன்ன அவருக்குக் கோவம். "உது என்ன கணக்கு? கடல் எங்க கிடக்கு, குளம் எங்க கிடக்கு. துருசு அடியில இருந்து அளக்கோணும்."

இப்ப ஒவ்வொரு ஞாயிறும் மச்சான் கோல் எடுக்க முதல் அந்தக் கணக்கைப் பாத்து வைச்சிட்டுத் தான் எடுக்கிறவர். துருசு மட்டத்தைக் கழிச்சு, அடியாக்கி, ஒரு துண்டில எழுதி. போன கிழமை இஞ்ச நல்ல மழை, கோல் வந்தோன்ன அப்பா வாய் திறக்க முதல் அவர் தான் கேட்டவர்.

"இருபத்தெட்டரை" எண்டார் அப்பா. "உங்க?"